வெள்ளிக்கிழமை கழுவுவதை நிறுத்திவிட்டேன்

என் கோபத்துக்கு இனி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல முடியாத என் செல்ல அண்ணனுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. நல்லா இருக்கியா என்று கேட்க மாட்டேன். உயிரோடு இருந்தபோதே கேட்டால், "எனக்கு இன்னாடி கொறச்சல்?" என்று எரிந்து விழுவாய். இப்போது மட்டும் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறாய்? இந்தக் கடிதத்தை உனக்கென்று எழுதினாலும், படிக்கிறவர்கள் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். செல்வராஜ் தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் ஒருத்திதான் பல்லைக் கடித்துக்கொண்டு திரிகிறேன்.

அண்ணி உன் போட்டோவைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அதில் சிரிக்கிறாய். உள்ளே நுழையும்போது அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செருப்பைக் கழற்றும் சாக்கில் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போய்விடுகிறேன்.

நம்மைத் தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்க்கிற ஒரு கம்பெனியில் நீ கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பு. நான் அதே அறையின் மூலையில் உட்கார்ந்து மிஷின் ரிப்பேர் புகார்களை அடிக்கிறவள். கவரைப்பேட்டையில் ஒரே ரயிலில் ஏறுவோம், ஒரே டப்பாவில் நாஷ்டா சாப்பிடுவோம், ஒரே அறையில் நாள் முழுவதும் சண்டை போடுவோம். நம் நைனா வரைக்கும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட குடும்பம். அதில் ஏசி அறையில் போய் உட்கார்ந்த முதல் ஆள் நீ. அந்தத் திமிர் உன்னை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

கம்பெனிக் கணக்கெல்லாம் ஏறுகிற நம் அறை சர்வரில் ஒரு ஒழுங்கு உண்டு. யார் எதை அடித்தாலும், திருத்தினாலும், அழித்தாலும், முதலில் அதை ஒரு தனி ஃபைலில் வரிசையாகக் குறித்துக்கொள்ளும். அதற்குப் பெயர் லாக். உலையின் சூடு நொடிக்கு நொடி அதில் ஏறும். லாரி எடை, ஸ்டோர் சாமான், நான் அடிக்கிற புகார், எல்லாம் ஏறும். அந்த லாக்கை அடிக்கடி பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டால், எடுத்த அளவுக்கு இடம் காலி என்று வைத்துக்கொண்டு அதிலேயே மறுபடி எழுதும். எடுக்காமல் விட்டால் வீங்கிக்கொண்டே போய் டிஸ்க்கையே அடைத்துவிடும். அவ்வளவுதான் விஷயம். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

நீ எடுக்கவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை டேட்டாவை மட்டும் ஒரு சிடியில் போட்டு பீரோவில் வைப்பாய். லாக் பேக்கப் பக்கமே போக மாட்டாய். ஏன் என்று ஒருநாள் கேட்டதற்கு என்ன சொன்னாய்?

"அது குப்பைடி எஸ்தரு. குப்பைய எவனாச்சும் பீரோவுல வெச்சிப் பூட்டுவானா? கம்முனு உன் வேலையப் பாரு."

குப்பை என்றால் கூட்டித் தள்ள வேண்டுமே, அதற்கும் நீயே ஒரு சடங்கு கண்டுபிடித்தாய். வெள்ளிக்கிழமை காலையில் நம் கம்பெனியில் எல்லா மிஷினையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பதினோரு மணிக்குக் கற்பூரம் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வா என்று அண்ணி கூப்பிட்டால் உனக்கு வயிற்று வலி வந்துவிடும். வெள்ளிக்கிழமை சர்வருக்குப் பொட்டு வைக்க மட்டும் தலைக்குக் குளித்துவிட்டு வருவாய். கற்பூரம் அணைந்ததும் சர்வரை நிறுத்துவாய், லாக் ஃபைலை அழிப்பாய், புதிதாக ஒன்றைப் போட்டு ஓட விடுவாய். "கழுவியாச்சு!" என்று கையைத் தட்டுவாய். அந்த அறையில் எல்லோருக்கும் அதுவே பேச்சு வழக்காகிவிட்டது.

உன் கடைசி வாரத்தை ஒருமுறை உனக்கே சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை, ரெண்டாம் பே என்கிற கொட்டகையில் கிரேன் ஓட்டுகிற முருகேசன் நம் அறைக்கு வந்தார். எண்ணெய்க் கையைக் கதவில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, கிரேனு பிரேக்கு புடிக்கவே மாட்டேங்குது. லோடு தானா எறங்கிக்கினே வருது. அர்ஜெண்டுன்னு போடும்மா."

போட்டேன். 4412 என்று நம்பர் விழுந்தது. சொன்னேன். ரிப்பேர் முடிகிறவரை புகார் நம்பரைக் கேபின் கதவில் சாக்பீஸால் எழுதி வைப்பது கிரேன்காரர்களின் பழக்கம். அவரும் எழுதி வைத்தார். மேனேஜர் அந்தப் புகாரைப் பார்த்துவிட்டு, இந்த வாரம் அனுப்ப வேண்டிய சரக்கு போகட்டும், கிரேனை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் டிஸ்க்கில் இடம் இல்லை என்று திரையில் வந்தது. உலை அந்த வாரம் ராப்பகலாக ஓடியதால் லாக் வழக்கத்தை விட வேகமாக வீங்கியிருந்தது. உன்னிடம் சொன்னேனா இல்லையா?

"அண்ணா, எடமே இல்ல. இப்பவே எதனா பண்ணு."

"நாளைக்கு வெள்ளிக்கெழமதான? பூசைய முடிச்சிக்கினு கழுவிக்கலாம். வியாயக்கெழம கழுவுனா ஆவாது."

ஆகாதாம்! அதை உனக்கு யார் சொன்னது? சர்வர் உன்னிடம் வந்து சொன்னதா? உன் சடங்குக்கு நீயே அடிமையாகி நின்றாய் அண்ணா. பைத்தியக்காரத்தனம் என்று அன்றைக்கே உன் முகத்துக்கு நேராகக் கத்தியிருக்க வேண்டும். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு உன் பின்னாலேயே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பூசைக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னால் லாக் நிரம்பியது. எல்லாத் திரையும் நின்றுவிட்டது. எடை போட முடியாமல் லாரிகள் கேட் வரைக்கும் நின்றன. மேனேஜர் போனில் கத்தினார். நீ அந்தக் கோடியில் ஸ்டோரில் இருந்தாய். நான் அங்கே போன் போட்டு, "அண்ணா, எல்லாம் நின்னுபோச்சு, மேனேஜர் கத்துறாரு, ஓடியா!" என்றேன். மஞ்சள் கோடு போட்ட வழியில் நடந்து வந்திருந்தால் நாலு நிமிஷம். நீ ரெண்டாம் பேவுக்குள் புகுந்து குறுக்கே ஓடி வந்தாய். மேலே லோடு தொங்கியது. முருகேசன் பிரேக்கை அழுத்தினார். அது பிடிக்கவில்லை.

ஓடியா என்று சொன்னது நான்தான். அதையும் எழுதிவிட்டேன், படித்துக்கொள்.

சனிக்கிழமை உன்னை அடக்கம் செய்தோம். முருகேசன் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே வர அவருக்குத் தைரியம் இல்லை. நான் ஓடிப்போய், "கொலகாரா! எங்கண்ணன முழுங்கிட்டியே!" என்று ஒரு பிடி மண்ணை வாரி அவர் முகத்தில் எறிந்தேன். அவர் துடைக்கக்கூட இல்லை. அப்படியே திரும்பி நடந்து போனார்.

மேனேஜர் ஆள் உயர மாலையோடு வந்தார். அண்ணிக்குக் கம்பெனியில் வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார். அப்புறம் என்னைத் தனியே கூப்பிட்டு, "எஸ்தர்ம்மா, மனசு கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா சர்வர் நிக்குது. உங்கண்ணன் பண்றதப் பக்கத்துலேர்ந்து பார்த்தவ நீதான். திங்கக்கெழம வந்து அந்தக் கழுவுறத மட்டும் பண்ணிக் குடுத்துடும்மா" என்றார். எவ்வளவு தன்மையான மனுஷன் என்று நினைத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

திங்கட்கிழமை போனேன். எலுமிச்சம்பழமும் கற்பூரமும் அவரே வாங்கி வைத்திருந்தார். உன் நாற்காலியில் உட்கார்ந்து, உன்னைப் போலவே சர்வரை நிறுத்தி, உன்னைப் போலவே லாக்கை அழித்தேன். எனக்கு அழுகை நிற்கவில்லை. அவர் பின்னால் நின்று நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். "போய் ஒரு டீ குடிச்சிட்டு வாம்மா" என்றார். போய்க் குடித்தேன். அந்த வெள்ளிக்கிழமையும் ஞாபகமாக வந்து, "அண்ணன் வழக்கத்த விட்டுடாதம்மா" என்றார். மறுபடியும் கழுவினேன்.

அப்புறம் விசாரணை வந்தது. கிரேன்காரரின் கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. முருகேசனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள், போலீஸ் கேஸ் வேறு. விசாரணை அறையில் அவர் என்னைக் கை காட்டினார்.

"தோ இந்தத் தங்கச்சிதான் சார் அடிச்சுது. நாலாயிரத்து நானூத்திப் பன்னெண்டு. கேபின் கதவுல எழுதிக்கூட வெச்சேன்."

போய்ப் பார்த்தார்கள். கேபின் கதவு புதுப் பச்சைப் பெயிண்டில் பளபளவென்று இருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். 4411 இருந்தது, அடுத்தது 4413. நம்பர் சில சமயம் தாவும் என்றார் மேனேஜர். விசாரணை அதிகாரி என் பக்கம் திரும்பினார். அடித்தேன் என்று சொன்னேன். அப்படியானால் எங்கே என்று கேட்டார். திங்கட்கிழமை என் கை செய்த வேலை ஞாபகத்துக்கு வந்தது.

"எங்கண்ணன் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கழுவுவாரு சார். அதுல போயிருக்கும்."

தூக்கி உன்மேல் போட்டுவிட்டேன். செத்தவன்தானே, எழுந்து வந்து மறுக்கவா போகிறாய்? எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது, தலையாட்டினார்கள். ஆனால் நீ செத்தது வெள்ளிக்கிழமை பூசைக்கு முன்னால். அந்த வாரம் நீ கழுவவே இல்லை. அந்த அறையில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கழுவினால் போவது லாக் மட்டும்தானே, உள்ளே சேர்ந்துவிட்ட என் புகார் எப்படிப் போகும்? சர்வரோடு வந்த சிடியில் இருக்கும் விளக்கப் புத்தகத்தைப் பிரிண்ட் எடுத்து, கவரைப்பேட்டை ரயிலில் தினமும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். உனக்குத்தான் இங்கிலீஷ் வரும், நீ அதில் ஒரு பக்கம் புரட்டியதில்லை. எனக்கு வராது, நான் மொத்தமும் படித்து முடித்தேன். அதில் ஒரு வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அழிப்பதாக இருந்தாலும் அதை லாக்கில் எழுதிவிட்டுத்தான் சர்வர் அழிக்கும். லாக்கில் இடம் இல்லை என்றால் ஒருத்தராலும் ஒன்றையும் அழிக்க முடியாது.

புரிகிறதா அண்ணா? லாக் இல்லாமல், எப்போது நின்றது, எப்போது ஓடியது என்று சர்வர் தனக்கென்று வைத்திருக்கும் வேறொரு குறிப்பைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு லாக் நிரம்பியது. திங்கட்கிழமை நான் கழுவிய பிறகுதான் மறுபடி ஓடியது. அதுவரை 4412 பத்திரமாக உள்ளேதான் இருந்திருக்கிறது. அந்த மேனேஜர் வெள்ளிக்கிழமையே அதை அழிக்கப் பார்த்திருப்பான், நீ ரெண்டாம் பேவில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தபோதே. நீ குப்பை என்று சொன்னாயே, அதுதான் அவனை விடவில்லை. மூன்று நாள் விடவில்லை. நான் போய், அழுதுகொண்டே, அவனுக்கு வழி செய்து கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அவன் அழித்ததற்கான குறிப்பு புது லாக்கில் இருந்திருக்கும். அதையும் அடுத்த வெள்ளிக்கிழமை நானே தூக்கிப் போட்டேன்.

உன்னைத் திட்டித் தீர்த்தேன் அன்றைக்கு. ரயிலில் பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து வேறு இடம் போய்விட்டாள். கற்றுக்கொடுத்ததுதான் கொடுத்தாய், ஒன்றையாவது உருப்படியாகக் கற்றுக்கொடுத்திருக்கக் கூடாதா?

அப்புறம் யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். டேட்டா முழுவதையும் ஒருமுறை பேக்கப் எடுத்தேன். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை லாக்கைத் தானாகவே பேக்கப் எடுத்துப் பக்கத்து மிஷினில் வைக்கும்படி சர்வருக்குச் சொல்லி வைத்தேன். தினமும் அதை சிடியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். லாக் அன்றையிலிருந்து வீங்கவே இல்லை அண்ணா! இருந்த அளவிலேயே இருக்கிறது. இதை அமைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? ஒரு டீ ஆறுகிற நேரம். அதை நீ செய்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமை எதுவும் நின்றிருக்காது. லாரி நின்றிருக்காது, நான் போன் போட்டிருக்க மாட்டேன், நீ ஓடி வந்திருக்க மாட்டாய். இதை நினைக்கும்போதெல்லாம் உன் போட்டோவைச் சுவரிலிருந்து பிடுங்கி வீசலாமா என்று வருகிறது.

வெள்ளிக்கிழமை பூசையை மட்டும் விடவில்லை. பொட்டு வைத்தேன், எலுமிச்சம்பழம் நசுக்கினேன், கற்பூரம் காட்டினேன். கையைத் தட்டி, "கழுவியாச்சு!" என்றேன். மேனேஜர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். லாக்கை நான் தொடவில்லை.

அவன் உன் வழக்கத்தை நம்பினான். போன புதன்கிழமை, ரெண்டாம் பே கிரேனின் பிரேக் சோதிக்கப்பட்டது, நன்றாக இருக்கிறது என்று ஒரு பதிவு புதிதாக முளைத்தது. போட்டிருந்த தேதி, நீ செத்ததற்கு முந்தின நாள். வெள்ளிக்கிழமை எஸ்தர் கழுவிவிடுவாள், எப்போது அடித்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டுவிட்டான். நான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் பேக்கப்பையும் லாக்குகளையும் ஏற்றி, புதன்கிழமை இரண்டரை மணிக்கு எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவந்தேன். அந்தப் பதிவு இல்லை. மூன்று மணி நிலைக்குக் கொண்டுவந்தேன். இருக்கிறது. உன்னைப் புதைத்து மூன்று மாதம் கழித்து உன் பிரேக்கைச் சோதித்திருக்கிறார்கள்.

முருகேசன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், நான் கழுவியது உட்பட.

"மண்ண வாரி எறிஞ்சியே தங்கச்சி, அது எனக்கு வலிக்கல. அண்ணனப் பறிகுடுத்தவ, எறிவ. கழுவுறதுல போயிருக்கும்னு சொன்னே பாரு, அன்னிக்குதான் ஊட்டுக்கு வந்து அழுதேன்."

"விசாரணையில சொல்லிடுறேன்ண்ணா. எல்லாத்தையும் சொல்லிடுறேன்."

"உன் வேல போயிடுமே?"

அண்ணியிடமும் கேட்டேன். அவளுக்கு வேலை தருவதாகச் சொன்ன கடிதம் இன்னும் பைபிளுக்குள்தான் இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் அது வெறும் காகிதம். அவள் கொஞ்ச நேரம் உன் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "போய்ச் சொல்லு எஸ்தரு. அந்தாளு குடுக்கற வேலையில வர சோறு எனக்குத் தொண்டையில எறங்குமா?" என்றாள். இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, அவள் பேச்சை நீ ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா?

அடுத்த விசாரணை நாளைக்கு. சிடிகளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்திருக்கிறேன். சர்வர் குறிப்பின் பிரிண்டும் இருக்கிறது. ஆனால் அவற்றை எடுத்து வைப்பதற்கு முன்னால் முதலில் சொல்லப் போவது வேறு. லாக்கை அழித்தது செல்வராஜ் இல்லை. அவர் அப்போது மண்ணுக்குள் இருந்தார். அழித்தவள் நான், அழிக்கச் சொன்னவர் இதோ உட்கார்ந்திருக்கிறார். உன்மேல் போட்ட பழியை எல்லோர் முன்னாலும் நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இது சத்தியம்.

அதோடு உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நீ செய்யாத குற்றத்திலிருந்து மட்டும்தான் உன்னை விடுவிக்கிறேன். செய்ததற்கு, வியாழக்கிழமை சாயங்காலம் சொன்னேனே, கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாயே, அதற்கு, நான் வந்து சேர்கிற அன்றைக்கு உன்னை வைத்துக்கொள்கிறேன். அப்போதாவது ஓடாமல் நில்.

இப்படிக்கு,
அன்றைக்கு உன்னை ஓடி வரச் சொன்ன
உன் தங்கச்சி எஸ்தர்